நிற்கும் இடத்தை நாமே அளப்போம்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம்மவர் நடத்தும் ஒரு கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்வது சிறிய செய்தியன்று. இதன் பின்னே எத்தனை இரவுப் பாடங்கள், எத்தனை பிடியரிசிக் கணக்குகள், எத்தனை வீட்டுப் படிகளை ஏறி இறங்கிய கால்கள் என்பதை இங்கு அமர்ந்திருக்கும் மூத்தோர் அறிவர். அவர்களை வணங்கி என் உரையைத் தொடங்குகிறேன்.

தேர்வு, வேலைவாய்ப்பு, இடஒதுக்கீடு ஆகியவை குறித்துப் பேச என்னினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் இருக்கின்றனர். ஆகவே நான் ஒரு பொழுதுபோக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பொழுதுபோக்கா என்று சிலர் வியக்கலாம். வயிற்றுக்கும் வாய்க்குமாக வாழும் மக்களுக்குப் பொழுதுபோக்கு ஏது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் பயன் கருதாமல் ஒன்றைக் கற்கும் உரிமை வசதி படைத்தோர்க்கு மட்டுமே உரியதென்று நாம் விட்டுவிட்டால், அறிவின் பாதி வீட்டை நாமே பூட்டிக்கொண்டவர்கள் ஆவோம். நான் சொல்லவிருக்கும் பொழுதுபோக்கு, சூரியனையும் விண்மீன்களையும் அளந்து நாம் பூமியில் எங்கே நிற்கிறோம் என்று நாமே கண்டுபிடிப்பதாகும். அதற்கு வேண்டிய கருவி செக்ஸ்டன்ட். துணைக்கு வேண்டியது ஒரு தட்டு எண்ணெய்.

செக்ஸ்டன்ட் என்பது கோணம் அளக்கும் கருவி. கப்பலோட்டிகள் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாகக் கையாண்டு வருவது. விசிறி வடிவான ஒரு சட்டம். அதன் வில்போன்ற அடிப்பகுதியில் பாகைகள் குறிக்கப்பட்டிருக்கும். மேலே அசையும் கையொன்றில் ஒரு சிறு கண்ணாடி. எதிரே நிலையாக நிற்கும் மற்றொரு கண்ணாடி, அதில் பாதி ஒளி ஊடுருவும், பாதி எதிரொளிக்கும். சிறு தொலைநோக்கி ஒன்றின் வழியே பார்த்தால், நேரே தெரியும் தொடுவானமும், கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிவரும் சூரியனும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும். கையை நகர்த்திச் சூரியனைத் தொடுவானத்தின்மேல் இறக்கி அமர்த்தினால், வில்லில் காட்டும் எண்ணே சூரியனின் ஏற்றக்கோணம். கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் எதிரொளிக்கும் கதிர் இரண்டு பாகை திரும்பும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அதனால்தான் 60 பாகை வில்லை உடைய இக்கருவி 120 பாகை வரை அளக்கிறது. வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு என்பதே அதன் பெயருக்குப் பொருள்.

இக்கருவியின் முன்னோடியை உருவாக்கியவர்கள் யார் என்பது நம் இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தி. இலண்டன் அரச கழகத்தில் 1731ஆம் ஆண்டு ஜான் ஹாட்லி என்னும் அறிஞர் இரு கண்ணாடிகள் கொண்ட கருவியை விளக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில், 1730ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தாமஸ் காட்ஃப்ரி என்பவரும் அதே தத்துவத்தில் ஒரு கருவியைத் தாமாகவே வடித்திருந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. கணித நூல்களைப் படிப்பதற்காகவே இலத்தீன் மொழியைத் தாமே கற்றவர். கடலில் தீர்க்கரேகையைக் காண உதவும் துல்லியமான கடிகாரத்தை உருவாக்கிய ஜான் ஹாரிசனும் தச்சர் மகன், தாமும் தச்சர். அவருடைய நான்காவது கடிகாரம் 1761ஆம் ஆண்டு தொடங்கிய ஜமைக்காப் பயணத்தில் சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. கண்ணாடி அறுத்த கையும் மரம் இழைத்த கையும் கடலுக்கு வழிகாட்டின என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கைத்தொழில் செய்பவனுக்கு நுண்ணறிவு இல்லையென்று சொல்லிவந்த நாட்டில் பிறந்தவர்கள் நாம்.

நல்லது, கடற்கரையில் இருப்பவருக்குத் தொடுவானம் உண்டு. உள்நாட்டில் இருப்பவர் என்ன செய்வது? சுற்றிலும் வீடுகள், மரங்கள், குன்றுகள். நீரும் வானும் சந்திக்கும் அந்த நேர்கோடு நம் ஊர்களில் கண்ணுக்குப் படுவதில்லை. இங்கேதான் செயற்கைத் தொடுவானம் உதவுகிறது. ஒரு தட்டில் திரவத்தை ஊற்றி வைத்தால் அதன் பரப்பு தானாகவே மட்டமாகிவிடும். சூரியன் அந்த மட்டத்திற்கு மேலே எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, திரவத்தில் தெரியும் அதன் பிம்பமும் அந்த மட்டத்திற்குக் கீழே அத்தனை பாகை ஆழத்தில் தெரியும். எனவே வானத்துச் சூரியனுக்கும் தட்டிலுள்ள சூரியனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து இரண்டால் வகுத்தால் ஏற்றக்கோணம் கிடைத்துவிடும்.

இதில் இரு நன்மைகள் உண்டு. கப்பல் தளத்தின் உயரத்தால் தொடுவானம் சற்றுத் தாழ்ந்து தெரியும். கடலில் அதற்கென ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். தட்டுத் தொடுவானத்திற்கு அத்திருத்தம் தேவையில்லை. மேலும், நம் கை நடுக்கத்தால் வாசிப்பில் நேரும் பிழையும் கோணத்தோடு சேர்ந்து பாதியாகக் குறைகிறது. இல்லாத தொடுவானத்தைத் தாமே செய்துகொண்டவருக்குக் கிடைக்கும் பரிசு என்று இதைச் சொல்லலாம்.

நம் நாட்டில் இந்த முறையைக் கையாண்டவர்களுள் ஒருவர் உலகப் புகழ் பெற்றவர். குமாவுன் மலைப்பகுதியில் ஜோகார் பள்ளத்தாக்கைச் சேர்ந்த நைன் சிங் என்னும் கிராமப் பள்ளி ஆசிரியர், 1863ஆம் ஆண்டு முதல் நில அளவைத் துறையாரிடம் டேராடூனில் பயிற்சி பெற்றார். அயலார் நுழைய முடியாதிருந்த திபெத்துக்கு மாறுவேடத்தில் சென்று 1866ஆம் ஆண்டு சனவரியில் லாசா நகரை அடைந்தார். பெட்டியின் மறைவான அடித்தட்டில் செக்ஸ்டன்ட், சோழிகளுக்குள் பாதரசம், அதை ஊற்றித் தொடுவானமாக்க ஒரு கிண்ணம். 108 மணிகள் இருக்க வேண்டிய செபமாலையில் 100 மணிகளே கோத்து, நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளித் தொலைவை எண்ணினார். சூரியனையும் விண்மீன்களையும் பலமுறை அளந்து லாசாவின் அட்சரேகை 29 பாகை 39 கலை என்று கண்டார். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. இன்றைய படங்களோடு ஒப்பிட்டால் அவருடைய கணக்கு ஒன்றிரண்டு கலைக்குள் பொருந்துகிறது. 1877ஆம் ஆண்டு இலண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அவருடைய கையிலிருந்த பொருள்களில் பெரும்பாலானவை நம் கைக்கும் எட்டக்கூடியவையே.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலாவதாக ஓர் எச்சரிக்கை. பாதரசத்தை நீங்கள் தொடவே வேண்டா. அதன் ஆவி நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. மோட்டார் வண்டியிலிருந்து வடித்த கறுத்த பழைய எண்ணெயோ, கெட்டியான வெல்லப்பாகோ போதும். கறுப்பாக இருந்தால் அடித்தட்டு தெரியாது, பிம்பம் தெளிவாக விழும். கெட்டியாக இருந்தால் காற்றில் எளிதில் அலையாது. இரண்டாவது எச்சரிக்கை இதனினும் பெரிது. சூரியனை வெறுங்கண்ணாலோ வெறும் தொலைநோக்கியாலோ ஒருகணமும் பார்க்கக் கூடாது. செக்ஸ்டன்டில் கருங்கண்ணாடித் தடுப்புகள் இரு தொகுதிகள் உண்டு. வானத்துச் சூரியனுக்கு ஒன்று, எண்ணெயில் தெரியும் சூரியனுக்கு ஒன்று என இரண்டையும் இட்ட பின்னரே கண்ணை வைக்க வேண்டும். கண் போனால் கருவி எதற்கு?

தட்டைத் தரையில் வைத்து, காற்று புகாதபடி இரண்டு கண்ணாடித் தகடுகளைக் கூடாரம்போல் அதன்மேல் சாய்த்து நிறுத்துங்கள். தகட்டின் இரு முகங்களும் சரியாக இணையாக இல்லாவிட்டால் கதிர் சிறிது வளையும். அதற்கும் ஓர் எளிய மாற்று உண்டு. வாசிப்புகளில் பாதியை எடுத்தபின் கூடாரத்தை முன்பின்னாகத் திருப்பி வைத்து மறுபாதியை எடுத்தால், ஒருபக்கப் பிழையை மறுபக்கப் பிழை ஈடுசெய்யும். எண்ணெயில் சூரியன் தெரியும்படி சற்று விலகி அமருங்கள். கருவியின் கையை நகர்த்தினால் இரண்டாம் சூரியன் மெல்ல இறங்கிவரும். இரு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று முழுதும் பொருந்தும் கணத்தில் நேரத்தையும் கோணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இரு வட்டங்களும் ஒன்றையொன்று விரைந்து கடந்து செல்லும். ஒரு நிமிடத்திற்குள் ஏறத்தாழ ஒரு வட்டத்தின் அகலமே நகர்ந்துவிடும். பழகப் பழகக் கண்ணும் கையும் ஒத்து இயங்கும்.

நம் நாட்டில் இதைப் பழகுவோர் அறியவேண்டிய ஒரு தடையும் உண்டு. கோணம் இரட்டிப்பாவதால், 120 பாகை வரை அளக்கும் கருவியால் 60 பாகை உயரம் வரையே எண்ணெய்த் தட்டின் துணையோடு அளக்கலாம். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நமக்கோ நண்பகல் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேலேயே நிற்கிறது. ஆகவே நண்பகல் அளவையைச் சென்னையில் நவம்பர் நடுப்பகுதி முதல் சனவரி முடிவு வரையிலும், கன்னியாகுமரியில் டிசம்பர் முதல் சனவரி இரண்டாம் வாரம் வரையிலுமே செய்ய இயலும். வடக்கே துருவ நட்சத்திரமோ நமக்கு 8 முதல் 13 பாகை உயரத்திலேயே நிற்கிறது. அத்தனை தாழ்வில் தட்டின் விளிம்பே பிம்பத்தை மறைத்துவிடும். மேலைநாட்டு நூல்கள் தொடக்கப் பாடமாகச் சொல்லும் இரண்டும் நமக்கு எளிதில் வாய்ப்பதில்லை. நூலை அப்படியே நம்பிச் செய்பவர் சலித்துப்போவார். ஏன் இயலவில்லை என்று கணக்கிட்டுப் பார்ப்பவர் காலையும் மாலையும் சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையைத் தேர்ந்துகொள்வார். பிறர் ஊருக்கு எழுதிய பாடத்தை நம் ஊருக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதும் கல்வியின் ஒரு பகுதியே.

கணக்கு எத்தனை எளிது என்று காட்ட ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். டிசம்பர் 22ஆம் நாள் மதுரையில் அளப்பதாகக் கொள்வோம். மதுரை, இந்திய நேரத்திற்கு அடிப்படையான 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால், அன்று சூரியன் உச்சவரைக்கு வருவது 12 மணி 16 நிமிட அளவில். அப்போது கருவி 113 பாகை 23 கலை காட்டுகிறது. கருவியின் சுழிப்பிழை 4 கலை மிகை. அதைக் கழித்தால் 113 பாகை 19 கலை. பாதி எடுத்தால் 56 பாகை 39½ கலை. காற்றில் ஒளி விலகுவதால் சூரியன் அரைக் கலையளவு உயர்ந்து தெரிகிறது. அதையும் கழித்தால் 56 பாகை 39 கலை. இதை 90 பாகையிலிருந்து கழித்தால், சூரியன் நம் உச்சிக்குத் தெற்கே 33 பாகை 21 கலை தொலைவில் இருப்பது தெரிகிறது. அன்று சூரியன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 23 பாகை 26 கலையில் நிற்பதாகப் பஞ்சாங்கம் சொல்கிறது. இரண்டின் வேறுபாடு 9 பாகை 55 கலை. அதுவே மதுரையின் அட்சரேகை. கூட்டல், கழித்தல், இரண்டால் வகுத்தல் ஆகிய மூன்றே இதற்கு வேண்டிய கணிதம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

வட்டங்கள் பொருந்திய மையத்தை அளந்ததால் சூரியனின் அரைவிட்டத் திருத்தம் இங்கு வேண்டியதில்லை. சுழிப்பிழையை வகுக்கும் முன்னும், ஒளி விலகலை வகுத்த பின்னும் கழிக்க வேண்டும் என்ற வரிசையை மட்டும் மறவாதீர்கள்.

காலை மாலை அளவைகளுக்குச் சற்றுக் கூடுதலான கணிதம் தேவை. ஒரு குறித்த கணத்தில் சூரியனை ஒரே உயரத்தில் காண்போர் அனைவரும் பூமியின்மேல் ஒரு பெரிய வட்டத்தில் நிற்கின்றனர். நாமும் அவ்வட்டத்தின்மேல் எங்கோ நிற்கிறோம். அதன் ஒரு சிறு பகுதியைப் படத்தில் கோடாக வரையலாம் என்ற உண்மையை 1837ஆம் ஆண்டு தாமஸ் சம்னர் என்னும் அமெரிக்கக் கப்பல் தலைவர் கண்டறிந்தார். காலையில் ஒரு கோடு, மாலையில் ஒரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளியே நம் இடம். இதற்குச் சரியான நேரம் வேண்டும். நான்கு நொடி பிழைத்தால் தீர்க்கரேகையில் ஒரு கலை பிழைக்கும். இன்றோ கைப்பேசியே நொடி பிசகாத நேரத்தைத் தருகிறது. ஹாரிசன் வாழ்நாளெல்லாம் உழைத்துத் தேடிய பொருள் இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறது.

கைப்பேசியே நாம் நிற்கும் இடத்தையும் காட்டிவிடுகிறதே, பின் ஏன் இத்தனை பாடு என்று ஓர் இளைஞர் கேட்கலாம். நியாயமான கேள்வி. செயற்கைக்கோள் முறை 1995ஆம் ஆண்டு முழுமையாகச் செயற்பாட்டுக்கு வந்தது. அதை நம்பி அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கூடம் 1998ஆம் ஆண்டு விண்மீன் வழி கப்பலோட்டும் பாடத்தைக் கைவிட்டது. செயற்கைக்கோள் குறியீடுகளைக் குலைக்க முடியும் என்ற அச்சம் வளரவே, 2015ஆம் ஆண்டு அதே பாடத்தை மீண்டும் தொடங்கியது. வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கான உலகப் பயிற்சி விதிகளிலும் வான்பொருள்களைக் கொண்டு கப்பலின் இடத்தைக் காணும் திறன் இன்றும் இடம்பெற்றிருக்கிறது. கப்பல் அதிகாரியாக விரும்பும் நம் பிள்ளைக்கு இது கூடுதல் பயிற்சி. அந்த விருப்பம் இல்லாதவருக்கோ, கைப்பேசி ஒரு விடைப் புத்தகம். நாம் கணக்கைப் போட்டு முடித்தபின் திறந்து சரிபார்க்கலாம். ஒரு கலைக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். நல்ல உலோகக் கருவியும் பழகிய கையும் இருந்தால் ஒரு கலைக்குள் விடை வரும். பிளாஸ்டிக்கால் ஆன எளிய கருவியில் சில கலைகள் பிசகும். எவ்வளவு பிசகிற்று, ஏன் பிசகிற்று என்று தேடுவதே இப்பொழுதுபோக்கின் சுவை.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்றொரு துறைமுக நகரம் உண்டு. நம் சேலம் அன்று. அங்கே 1773ஆம் ஆண்டு பிறந்த நத்தானியேல் பௌடிச், வறுமையால் பத்து வயதில் பள்ளியை விட்டவர். தாமே படித்துக் கணித அறிஞராகி, 1802ஆம் ஆண்டு கப்பலோட்டும் கலைக்கு ஒரு பெருநூல் தந்தார். அதிகாரிகள் மட்டும் அறிந்திருந்த கணக்குகளைத் தம்மோடு பயணம் செய்த சாதாரண மாலுமிகளுக்கும் அவர் கற்றுக்கொடுத்தார். அதே சேலத்தைச் சேர்ந்த கிளியோபாட்ராஸ் பார்ஜ் என்னும் கப்பல் 1817ஆம் ஆண்டு இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்திற்கு வந்தது. ஃபான் சாக் என்னும் ஐரோப்பிய வானியல் அறிஞர் அப்போது கண்டதைத் தம் ஏட்டில் எழுதிவைத்திருக்கிறார். அக்கப்பலின் சமையற்காரருக்கும் தீர்க்கரேகைக் கணக்கு தெரியும் என்று சொன்னார்களாம். அவரை அழைத்தனர். வெள்ளை மேலாடையோடு, ஒரு கையில் கோழியும் மறு கையில் கத்தியுமாக வந்து நின்றார் ஒரு கறுப்பினத்தவர். நிலவின் தொலைவைக் கொண்டு தீர்க்கரேகை காண எந்த முறையைக் கையாள்கிறீர் என்று கேட்டனர். அவர் நான்கைந்து அறிஞர்களின் முறைகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தி, தமக்குப் பழக்கமானதும் விரைவானதும் இன்னாருடைய முறை என்று விடையளித்தாராம். அக்காலத்து வானியற் கணக்குகளிலேயே கடினமானது அது. ஆயிரக்கணக்கான அவருடைய இனத்தவர் அடிமைகளாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

மற்றொருவர் மாத்யூ ஹென்சன். மேரிலாந்தில் 1866ஆம் ஆண்டு பிறந்த கறுப்பினத்தவர்; இளமையிலேயே பெற்றோரை இழந்து, கப்பலில் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்தார். அக்கப்பலின் தலைவர் அவருக்கு எழுத்தும் கப்பலோட்டும் கலையும் கற்பித்தார். பின்னாளில் இராபர்ட் பியரியுடன் வடதுருவப் பயணங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தார். 1909ஆம் ஆண்டு ஏப்ரலில் பனிப்பரப்பின்மேல் பாதரசத் தட்டையும் செக்ஸ்டன்டையும் கொண்டு பியரி சூரியனை அளந்தபோது உடனிருந்தவர்கள் ஹென்சனும் நான்கு இனூயிட் மக்களுமே. அவர்கள் சரியாகத் துருவத்தைத் தொட்டார்களா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. புகழ் பியரிக்குக் கிடைத்தது. ஹென்சன் நெடுங்காலம் கண்டுகொள்ளப்படவில்லை. அவர் மறைந்து 33 ஆண்டுகள் கழித்து, 1988ஆம் ஆண்டில்தான் அவருடைய உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்கு மாற்றப்பட்டுச் சிறப்பிக்கப்பட்டது. கருவி ஏற்றத்தாழ்வு பார்ப்பதில்லை. மனிதர் எழுதும் வரலாறு பார்க்கிறது. அதனால்தான் நாமே அளக்கவும் நாமே எழுதிவைக்கவும் வேண்டும்.

அன்பிற்குரிய இளைஞர்களே! நம் முன்னோரிடம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட சொல் எது? நீ நிற்க வேண்டிய இடம் இது என்பதுதானே? கிணற்றடியில் இவ்வளவு தொலைவு, கோயில் தெருவில் இவ்வளவு தொலைவு, தேநீர்க் கடையில் வேறு குவளை. நாம் நிற்கும் இடத்தைப் பிறர் அளந்து சொன்னார்கள். எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று கேட்க நமக்கு அனுமதி இல்லை. வானத்தைப் பற்றிய அறிவும் அப்படியே காக்கப்பட்டது. நாள் நல்லதா, வேளை நல்லதா என்று எவரோ பஞ்சாங்கம் வாசிக்க, எட்டி நின்று கேட்டவர்களாகவே நம்மிற் பெரும்பாலோர் இருந்தோம். அதே வேளையில், நம்மவருள் வள்ளுவர் குலத்தார் நாளும் கோளும் கணிப்பதைத் தொழிலாகவே கொண்டிருந்தனர் என்பதையும் மறக்கலாகாது. விண்ணைக் கணக்கிடும் வேலை நமக்குப் புதிதன்று. சோதிடத்தின் பக்கம் போகாமல், சோதித்துப் பார்க்கக்கூடிய அளவையின் பக்கம் அந்த மரபைத் திருப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கொல்கத்தாவில் இயங்கும் மத்திய அரசின் வானியல் மையம் ஆண்டுதோறும் சூரியன், சந்திரன், கோள்களின் நிலைகளை நூலாக வெளியிடுகிறது. அதை வாங்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. அதில் அச்சிட்டிருக்கும் எண் சரிதானா என்று நம் மொட்டைமாடியிலிருந்தே பார்க்கலாம். பஞ்சாங்கத்தை எட்டி நின்று கேட்டவரின் பேரப்பிள்ளை அதைச் சரிபார்க்கும் நிலைக்கு வருவதைச் சிறிய மாற்றம் என்று நான் கருதவில்லை.

1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். அதற்குப் பின் மக்கள் தாக்கப்பட்டனர். குளத்தைத் தீட்டுக் கழிக்கச் சடங்கும் நடந்தது. ஆனால் நீர் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. எவர் கை பட்டாலும் அடுத்த கணத்தில் அது மீண்டும் மட்டமாகவே நின்றது. நம் தட்டிலுள்ள எண்ணெயும் அப்படியே. அக்கிரகாரத்து மாடியில் வைத்தாலும் சேரியின் முற்றத்தில் வைத்தாலும் அதன் மட்டம் ஒன்றே. சூரியனின் கோணமும் அளப்பவர் யார் என்று பார்ப்பதில்லை. சமத்துவம் நம்மிடம் ஒரு கொள்கையாக மட்டும் இருந்தால் போதாது; அன்றாடம் கண்ணால் கண்டு பழகும் உண்மையாகவும் அது ஆக வேண்டும்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு கோரிக்கை. இவ்வெள்ளி விழாவின் நினைவாகச் சங்கத்திற்கென ஒரு செக்ஸ்டன்ட் வாங்குங்கள். எளிய பிளாஸ்டிக் கருவியே தொடக்கத்திற்குப் போதும். தனியொருவர் வாங்குவது கடினம். பலர் கூடினால் எளிது. நால்வர் கொண்ட குழுக்களை அமையுங்கள். ஒருவர் அளக்கட்டும், ஒருவர் நேரம் சொல்லட்டும், ஒருவர் எழுதட்டும், ஒருவர் கணக்கிடட்டும். அடுத்த வாரம் பணிகள் மாறட்டும். எந்தப் பணியும் எவருக்கும் நிலையாக ஒதுக்கப்படலாகாது. பெண்பிள்ளைகளை எழுதும் வேலையோடு நிறுத்திவிடவும் கூடாது. தடித்த குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: விடை நன்றாக வந்த அளவைகளை மட்டும் எழுதி, பிசகியவற்றை மறைக்கக் கூடாது. கண்ட எண்ணை அப்படியே எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, பத்து வாசிப்புகளில் ஒன்று விலகினால் அதன் காரணத்தையும் எழுத வேண்டும். இவ்வொழுங்கில் பழகிய பிள்ளை, நாளை அலுவலகக் கோப்பில் எழுதினாலும் ஊராட்சிக் கணக்கைக் கேட்டாலும் வழக்குமன்றத்தில் சான்று சொன்னாலும், கண்டதை மட்டுமே சொல்வான். கண்டதைத் துணிந்தும் சொல்வான்.

முதல் அளவையாக இச்சங்கக் கட்டடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நீங்களே கண்டுபிடியுங்கள். பலநாள் அளந்து, சராசரி எடுத்து, எத்தனை கலை பிசகக்கூடும் என்பதையும் சேர்த்து, ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டுங்கள். அளந்த பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருக்கட்டும். இந்த இடம் பூமியில் எங்கே இருக்கிறதென்று எவரும் நமக்குச் சொல்லவில்லை, நாமே அளந்தோம் என்று அப்பலகை வருவோர் போவோர்க்கெல்லாம் சொல்லும்.

 வளர்க இச்சங்கம்! வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்!